இடப்பக்கம் திரும்பிய நாரை

"அக்கா, நாரைப் படத்த ஃபோன் கவர்லயும் போட ஆரம்பிச்சிட்டீங்களா? சொல்லவே இல்ல. விலையும் ரொம்பக் கம்மியா இருக்கே!"

கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. ஏற்கெனவே என்னிடம் இரண்டு படங்கள் வாங்கிய பெண், கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் அனுப்பியிருந்தார். நான் ஃபோன் கவர் செய்வதே இல்லை.

நான் செய்வது லினோ அச்சு. லினோ என்ற மென்மையான தகட்டில் உளியால் செதுக்கி, மை உருட்டி, மேலே கைத்தாளை விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுக்கிற படம். அந்த நாரை கூந்தன்குளத்து மஞ்சள் மூக்கு நாரை. நாங்குநேரிப் பக்கம் இருக்கிற அந்த ஊரில் பறவைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். மூன்று வாரம் போய்ப் போய் உட்கார்ந்து வரைந்து, பிறகு செதுக்கியது. நாற்பது படி மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டு, கைவினைப் பொருள்களுக்கென்றே இருக்கிற ஒரு இணையச் சந்தையில் 1,800 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கியதும் கை நடுங்கியது. என் நாரையேதான். சிறகுக்குக் கீழே ஒரு கோடு இருக்கிறது. செதுக்கும்போது உளி வழுக்கி ஓடிய கோடு அது. லினோவில் ஒருமுறை பறித்ததை மறுபடி நிரப்ப முடியாது. அதனால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு கோடு இழுத்துக் கோரைப்புல்லாக்கிவிட்டேன். அந்த மூன்று கோரையும் ஃபோன் கவரில் அப்படியே நின்றன. கீழே "எங்கள் ஓவியர் கையால் வரைந்தது" என்று ஒரு வரி வேறு. அந்த வரிதான் படத்தைவிட அதிகமாக வலித்தது.

அன்று இரவே, அதே சந்தையில் அந்தக் கவரை விற்ற கடைக்காரருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பினேன். செய்திருக்கவே கூடாது. காலையில் பார்த்தால் அந்தக் கடையில் என் நாரை இருந்த மூன்று பக்கங்களில் ஒன்று மறைந்து, வேறு தலைப்பில் புதிதாக ஏறியிருந்தது. இப்போது நாரை வலப்பக்கம் பார்க்கவில்லை, இடப்பக்கம் பார்த்தது. படத்தை அப்படியே திருப்பிப் போட்டிருந்தார்கள். மறைந்த பக்கத்துக்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பெண் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட். அதில் இணைப்பு முகவரியும் இல்லை, தேதியும் இல்லை. யாருக்காவது இப்படி நடந்தால், கோபத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். முகவரி தெரியும்படி முழுப் பக்கத்தையும் படம் எடுங்கள், கடையின் பெயர், விலை, விளக்கம், எல்லாவற்றையும். முடிந்தால் ஒரு படியாவது வாங்கி ரசீதை வையுங்கள். அதுவரை எதிராளிக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

அந்தச் சந்தை அமெரிக்க நிறுவனம். அங்கே 1998-இல் வந்த டி.எம்.சி.ஏ. என்ற பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. என் படம் இருக்கிற இணைப்பு, திருட்டுப் படம் இருக்கிற இணைப்பு, பெயர், முகவரி, கையெழுத்து, உரிமை என்னுடையது என்ற உறுதிமொழி. பொய்யாக உறுதி கொடுத்தால் தண்டனை உண்டு என்பதைப் படித்ததும், என் படத்துக்கே உறுதிமொழி கொடுக்க ஒரு கணம் பயந்தேன். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நோட்டீஸில் நாம் தரும் பெயரும் முகவரியும் எதிராளி கைக்குப் போகக்கூடும். வீட்டு முகவரி கொடுக்க எனக்கு மனசில்லை. சித்தப்பாவிடம் கேட்டு அவர் கடை முகவரியைக் கொடுத்தேன்.

"இந்தியாவுல செதுக்குனதுக்கு அமெரிக்கால என்ன உரிமை?" என்று வீட்டில் கேட்டார்கள். இரண்டு நாடுகளும் பெர்ன் உடன்படிக்கையில் இருக்கின்றன. ஒரு நாட்டுப் படைப்பாளியின் உரிமையை மற்ற நாடுகளும் மதிக்க வேண்டும் என்கிற உடன்படிக்கை அது. படைத்த கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நான்கு நாளில் இரண்டு பக்கங்கள் போயின. திருப்பிப் போட்ட படத்துக்கு மட்டும், இரண்டும் ஒரே படமாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது.

எப்படி நிரூபிப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். செதுக்கிய லினோவை, அதாவது அச்சுக் கட்டையை, ஏதோ வேலையாக எடுத்து மேசையில் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. கட்டையில் எல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும். தாளில் வலப்பக்கம் பார்க்கும் நாரை, கட்டையில் இடப்பக்கம் பார்க்கிறது. அதாவது, அவர்கள் திருப்பிய படம் என் கட்டையோடு கோடு பிசகாமல் பொருந்தியது! உளி போன பள்ளம், அலகின் ஓரத்தில் மை ஏறாமல் விட்ட சிறு பொட்டு, கோரை மூன்று, எல்லாமே. கட்டை, தாள், திருட்டுப் படம் மூன்றையும் வரிசையாக வைத்து, ஐந்து இடங்களில் வட்டம் போட்டு மறுபடி அனுப்பினேன்.

அம்மா இன்னொரு சாட்சி வைத்திருந்தார். சோதனை அச்சுகளை நான் தூக்கிப் போட்டுவிடுவேன். அம்மா அவற்றைச் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தார். நல்லெண்ணெய் டப்பா வைத்து வட்டமாகக் கறை பிடித்த ஒரு தாளில் முதல் சோதனை அச்சு, ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்தில் தேதி. கோரைப்புல் ஆவதற்கு முன்னால், உளி வழுக்கிய ஒற்றைக் கோடு மட்டும் இருந்த அச்சு. அதையும் படம் எடுத்துச் சேர்த்தேன். ஆறாம் நாள் அந்தப் பக்கமும் போனது.

நோட்டீஸோடு முடிவதில்லை. எதிராளி மறுப்பு நோட்டீஸ் கொடுக்கலாம். கொடுத்தால், நாம் வழக்குப் போட்டதாகக் காட்டாதவரை 10 முதல் 14 வேலை நாள்களில் படம் திரும்ப ஏறிவிடும். அமெரிக்க நீதிமன்றத்துக்கு நான் எங்கே போக? நல்ல வேளை, மறுப்பு வரவில்லை. ஆனால் அடுத்த மாதமே அதே நாரை துணிப்பையில் நம்மூர்த் தளம் ஒன்றில் வந்தது. இங்கே 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் கைகொடுத்தன. ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்போதைய விதிப்படி 15 நாளில் தீர்க்க வேண்டும். விதியைக் குறிப்பிட்டு எழுதினேன், பதினொன்றாம் நாள் நீக்கினார்கள்.

இதற்கிடையில் பார்த்தவர்கள் எல்லாம் "பேட்டன்ட் எடுத்துடு" என்றார்கள். பேட்டன்ட் கண்டுபிடிப்புக்கு. படத்துக்கு காப்பிரைட், அதாவது பதிப்புரிமைதான். கட்டாயம் இல்லை என்றாலும் பதிவு கையில் இருந்தால் நீதிமன்றத்தில் அதுவே முதல் நோக்கில் சான்று என்பதால் விண்ணப்பித்தேன். ஓவியத்துக்கு 500 ரூபாய். பணம் கட்டியதும் விண்ணப்பத்துக்கான டைரி எண் வந்தது. அதன் பிறகு ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள், அதற்குமேல் பரிசீலனைக்குக் காத்திருப்பு.

அப்போது ஒரு வக்கீல் அக்கா சொன்னதுதான் எனக்கு முற்றிலும் புதிது. நானே அந்த நாரையைத் துணிப்பையில் அடித்து விற்க நினைத்திருந்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைக் காட்டினார்: பொருளின் தோற்றத்துக்கான வடிவமைப்பாகப் பதியக்கூடிய ஒன்றைப் பதியாமல், தொழில்முறையில் 50-க்கு மேல் பொருள்களில் அடித்துவிட்டால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை போய்விடும். வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாமே என்றால், வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். என் நாரையோ ஏற்கெனவே ஊரெல்லாம் பார்த்த படம். பை யோசனையைக் கைவிட்டேன். அடுத்த கட்டைக்கு, முதலில் விண்ணப்பம், பிறகுதான் பை.

தூத்துக்குடியில் ஒரு தங்கை மஞ்சள் மூக்கு நாரையை லினோவில் செதுக்கி விற்கிறாள். "அவமேலயும் புகார் குடு" என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவள் படத்தைப் பொறுமையாகப் பார்த்தேன். நாரை நிற்கும் விதம் வேறு, கோடு வேறு, தண்ணீரை அவள் புள்ளிகளால் காட்டியிருக்கிறாள். அவளே குளக்கரையில் உட்கார்ந்து பார்த்த நாரை அது. நாரையும் லினோவும் எனக்கு மட்டும் சொந்தமில்லை, நான் இழுத்த கோடுகள்தான் எனக்குச் சொந்தம். புகார் கொடுக்கவில்லை. அவளுக்குச் செய்தி அனுப்பி, கட்டைகளையும் சோதனை அச்சுகளையும் தேதி போட்டுப் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் செய்தித்தாள் விரித்திருக்கிறது. சோதனை அச்சுகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை இன்னொரு கடையில் அதே நாரையைச் சுவர்க்கடிகாரத்தில் பார்த்தேன். முழுப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு, அன்று மாலையே நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.