கேட்கத் தெரிந்த பன்றிக்குட்டி

சிட்னிக்கு வந்த முதல் குளிர்காலம். மகளுக்கு அப்போது நாலரை வயது. பாலர் பள்ளி ஆசிரியை ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள் பெண் எதையும் கேட்பதில்லை, எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிறாள்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் "தண்ணி குடுங்கம்மா" என்று கேட்கிற பிள்ளை அவள். அந்த 'ங்க'வுக்குள்ளேயே எங்கள் மரியாதை முழுவதும் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அது உதிர்ந்து "கிவ் மீ வாட்டர்" மட்டும் மிஞ்சுகிறது என்று விளக்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. சரி, சொல்லிக்கொடுக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் நூலகத்திலிருந்து 'பேப்' படத்தை எடுத்து வந்தோம். 1995-இல் வந்தது. தாயைப் பிரிந்த ஒரு பன்றிக்குட்டி, யாரையும் தெரியாத பண்ணைக்கு வந்து சேர்கிறது. யார் எங்கே படுக்கலாம், யார் வீட்டுக்குள் வரலாம், எல்லாவற்றுக்கும் அங்கே ஏற்கெனவே விதி இருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது. ஃபிளை என்கிற நாய்தான் தன் குட்டிகளோடு சேர்த்துக்கொள்கிறது. 'அம்மா என்று கூப்பிடலாமா' என்று பன்றிக்குட்டி அதனிடம் கேட்கும் இடத்தில் நான் அழுதேன். ஊரை விட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

படத்தின் உயிர் அதற்கப்புறம் வருகிறது. செம்மறி ஆடுகளை மிரட்டித்தான் மேய்க்க வேண்டும் என்பது நாய்களின் நம்பிக்கை. குட்டியும் நம்பி, ஒரு ஆட்டின் காலைக் கடித்துவிடுகிறது. மா என்கிற கிழட்டு ஆடு அதைக் கண்டிக்கிறது: இதெல்லாம் எதற்கு, கேட்டால் போதுமே. குட்டி மன்னிப்புக் கேட்டு, பணிவாகச் சொல்கிறது. மந்தை வரிசையாக நடக்கிறது. கடைசியில் வரும் ஆடு மேய்க்கும் போட்டியின்போது, ஆடுகளையே மதிக்காத ரெக்ஸ் என்ற நாய்கூட அவற்றிடம் போய்ப் பணிந்து கேட்க வேண்டி வருகிறது.

மகள் இதைப் பார்த்துவிட்டு, "ப்ளீஸ்னா நம்ம 'ங்க' மாதிரியாம்மா?" என்றாள். நான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியம். ஆசிரியையிடம் மறுநாள் அதையே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

நான் சின்ன வயதில் பார்த்த 'ஆட்டுக்கார அலமேலு'வில் ஆடு பேசாது, ஆனால் எல்லாம் செய்யும். இங்கே வாயசைத்துப் பேசுகிறது. நிஜ விலங்குகளோடு இயந்திரப் பொம்மைகளைக் கலந்து, நிஜ முகங்களின் வாயசைவைக் கணினியில் சேர்த்திருக்கிறார்கள். பன்றிக்குட்டி வேகமாக வளர்ந்துவிடும் என்பதால் ஒரே வேடத்துக்கு 40-க்கும் மேற்பட்ட குட்டிகள். 'அப்பல்லோ 13' படத்தை முந்தி, காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரை வாங்கியது. ஆனால் குழந்தைகளுக்கு அந்த வித்தை தெரிய வேண்டியதில்லை. தன்னைவிடச் சிறிய ஒன்று இந்தப் பெரிய உலகத்திடம் தைரியமாகப் பேசுவதைப் பார்ப்பதுதான் அவர்களுக்கு இன்பம். இப்போது என் மகன் பார்க்கிறான், அதே இடத்தில் அவனும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான்.

படம் எடுத்த இடம் சிட்னியிலிருந்து காரில் போகும் தூரம்தான், ராபர்ட்சன் என்ற சிற்றூர். சிவந்த மண், உருளைக்கிழங்கு வயல்கள். போன வருடம் போனோம், அன்றைக்குப் பனிமூட்டம். வேலிக்கு அந்தப்பக்கம் ஏழெட்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தம்பி கத்திக் கூப்பிட்டான், ஒன்றும் அசையவில்லை.

"அப்படிக் கூப்பிடக்கூடாது" என்று அக்கா அவனை நகர்த்திவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இங்க வாங்க, ப்ளீஸ்."

ஓரத்தில் நின்ற ஆடு மெல்லுவதை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்தது.