பழுதைத் தேடத் தெரிந்தவர்

மட்டக்களப்பு கல்லடியில் வயரிங் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. புதிதாக வீடு கட்டினால் மேசனே ஒருவரைக் கூட்டி வருவார். மின்சார சபையில் வேலை செய்யும் சொந்தக்காரர் யாராவது பின்னேரத்தில் வந்து மின்விசிறி மாட்டித் தருவார். பேஸ்புக்கில் கேட்டால் தொலைபேசி இலக்கங்கள் வந்து குவியும். இவர்களில் பலர் புது வேலையை நேர்த்தியாகவே செய்கிறார்கள். ஆனால் பழைய வீட்டில், மழை பெய்தால் மட்டும் தலைகாட்டும் பழுதைத் தேடிப் பிடிக்க ஒருவர் வேண்டும் என்று அலைந்தபோதுதான் அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு அரிது என்று தெரிந்தது. நான் தேடிய விதத்தை இங்கே எழுதுகிறேன். என்னைப் போல் கணவர் வெளிநாட்டில் இருக்க, வீட்டுப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் முன்பகுதி 2004 சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்டது. குசினியும் பின் அறையும் அவர் கட்டாருக்குப் போன பிறகு நாங்கள் சேர்த்தவை. முன்பகுதியில் சிவப்பும் கறுப்புமாக வயர், பின்பகுதியில் கபிலமும் நீலமுமாக வயர். நான் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். 2000 வாட் அவண் ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதும், அவணைப் போட்டால், மின் கசிந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. எல்லா நாளும் அல்ல. வெயில் எறித்த நாளில் கேக் ஒழுங்காக வேகும். இரவு மழை பெய்திருந்தால் மறுநாள் காலையில் அவண் சூடேறும் முன்பே வீடு இருண்டுவிடும். பிறந்தநாள் கேக்குக்கு முற்பணம் வாங்கி வைத்துக்கொண்டு, கலந்த மாவை அப்படியே விட்டுவிட்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்பது இந்தத் தொழில் செய்பவர்களுக்குப் புரியும்.

முதலில் வந்தவர் அவணில்தான் பழுது என்றார். கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம், அவணில் ஒரு குறையும் இல்லை. திரும்ப அழைத்தபோது அவர் மின்பெட்டியைத் திறந்து சிறிது நேரம் எதையோ செய்தார். "இனி விழாது அக்கா" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போனார். உண்மையிலேயே அதன் பிறகு விழவில்லை.

டிரிப் சுவிட்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் என் தம்பி சொல்லியிருந்தான். அழுத்தினேன். நெம்பு கீழே விழுந்தது. ஆனால் மின்விசிறி நிற்கவில்லை, குளிர்சாதனப் பெட்டியும் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பியிடம் சொன்னதும் அவன் குரல் மாறிவிட்டது. "அக்கா, டிரிப் சுவிட்சைச் சுற்றி நேராக வயர் போட்டிருக்கிறார்கள். வெறும் காலோடு அவணைத் தொடாதே" என்றான்.

இது எவ்வளவு பயங்கரமான காரியம் என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளுக்கு மின்சார சபையிலிருந்து வருவது மின்சாரம் வரும் லைவ், அது திரும்பிப் போகும் நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகள்தான். கசியும் மின்சாரம் மண்ணுக்குள் போவதற்கான எர்த்துக்கு நம் வளவிலேயே ஓர் உலோகக் கம்பியை, அதாவது கூர் ஒன்றை, மண்ணில் இறக்கிக்கொள்கிறோம். அந்தக் கூரின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவணின் உலோக உடம்பில் லைவ் பட்டால், 230 வோல்ட்டில் மண்ணுக்குள் இறங்கக்கூடியது 11.5 அம்பியர்தான். அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால் துண்டிக்கும் 16 அல்லது 20 அம்பியர் எம்.சி.பி. அதை வழக்கமான சுமை என்று எண்ணிக்கொண்டு அசையாமல் இருக்கும். அவணின் உடம்பு மின்னேறியபடியே இருக்கும். அந்த நேரத்தில் நம்மைக் காப்பாற்றக்கூடியது டிரிப் சுவிட்ச் ஒன்றுதான். ஆர்.சி.சி.பி. என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். லைவில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் முன் இணைப்பைத் துண்டித்துவிடும். அதைச் செயலற்றதாக்கிவிட்டு, சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டை விட்டு ஒருவர் எப்படி நிம்மதியாகப் போக முடிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த ஆளைத் தேடும்போது என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "நல்ல வயரிங்காரர் யார்?" என்று கேட்டால் எல்லோரும் தமக்குத் தெரிந்தவரைத்தான் சொல்வார்கள். "மெகர் வைத்திருப்பவர் யாரையாவது தெரியுமா?" என்று கேட்கும்படி தம்பி சொல்லித்தந்தான். மெகர் என்பது வயரின் காப்பு எவ்வளவு திடமாக இருக்கிறது என்று அளக்கும் கருவி. சோதிக்கும் திருப்புளி எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. மெகரைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவர், பழுதை அளந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று நம்புகிறவராக இருப்பார். தேசிய தொழில் தகைமையான என்.வி.கியூ. சான்றிதழையும் கேட்கலாம். வீட்டு மின்வேலைக்கு மூன்றாம், நான்காம் நிலைச் சான்றிதழ்கள் இருக்கின்றன. கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சான்றிதழ் இல்லாமலே நாற்பது வருடம் கண்ணியமாக வேலை செய்த கைகளும் இங்கே உண்டு. அதனால் நான் மெகரைத்தான் முதலில் வைத்தேன்.

காத்தான்குடி பிரதான வீதியில் நான் வழக்கமாகப் போகும் ஹார்ட்வெயார் கடையில் கேட்டேன். காசாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு நானாவின் (முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இலக்கத்தை எழுதித் தந்தார். "அவர் வயர் வாங்க வந்தால் எஸ்.எல்.எஸ். தர முத்திரையைப் பார்க்காமல் கையில் எடுக்கமாட்டார்" என்றார். அந்தச் சொல் எனக்குப் போதுமாக இருந்தது. சாமான் விற்கும் கடைக்காரருக்கு ஒரு தொழிலாளியைப் பற்றித் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மலிவானதை எவர் கேட்கிறார், வாங்கியதை எவர் திருப்பிக் கொண்டுவருகிறார் என்பதெல்லாம் அவர்கள் கண்முன்னால் நடக்கிறது.

தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். நானா இரண்டு கேள்வி கேட்டார். மழையில் மட்டுமா விழுகிறது? வெளியில், வளவுக்குள் எங்காவது வயர் போகிறதா? பிறகு, "நான் வரும்போது வீட்டில் பெரியவர்கள் யாராவது இருப்பார்களா தங்கச்சி?" என்று கேட்டார். அம்மா இருப்பார் என்றேன். உதவிக்குத் தன் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் டிரிப் சுவிட்சைச் சுற்றிப் போட்டிருந்த வயரைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தார். "இதை எறிய வேண்டாம் உம்மா, அடுத்த முறை யாராவது வந்தால் காட்டுங்கள்" என்றார். தொலைக்காட்சி, ரவுட்டர், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றச் சொன்னார். மெகர் 500 வோல்ட் கொடுத்து அளப்பதால் நுட்பமான கருவிகள் கெட்டுவிடுமாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நியூட்ரல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்துக்கு எதிரே அளந்துகொண்டே போனார். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. குசினி நன்றாக இருந்தது, அவண் வரும் வயர் நன்றாக இருந்தது, கிணற்று மோட்டாரும் பரவாயில்லை. படலையடி மின்குமிழுக்குப் போகும் வயரில் வைத்தபோது மெகரின் எண் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது.

எனக்குப் புரியவில்லை. படலை விளக்கு அணைந்தே இருந்தது. விழுந்ததோ அவணைப் போட்டபோது. நானா பொறுமையாக விளங்கப்படுத்தினார். விளக்கின் சுவிட்ச் லைவை மட்டும்தான் துண்டிக்கும், எம்.சி.பி.யும் அப்படித்தான். நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். படலைக்குப் போகும் வயரின் நியூட்ரல் மண்ணுக்குள் ஈரத்தில் கசிந்துகொண்டிருந்தது. அவண் போன்ற பெரிய சுமையைப் போட்டதும், திரும்பி வரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்தக் கசிவு வழியாக மண்ணுக்குப் போய்விடுகிறது. டிரிப் சுவிட்சின் கணக்கு உதைக்கிறது, விழுந்துவிடுகிறது. பழுது ஓரிடம், பழி ஓரிடம். வெயிலில் மணல் காய்ந்ததும் கசிவு நின்றுவிடும், வந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும்.

செவ்வரத்தையடியில் தோண்டினார்கள். வீட்டுக்குள் போடும் சாதாரண வயரைத் தண்ணீர்க் குழாய்க்குள் விட்டு, நடுவில் ஒட்டி, டேப் சுற்றிப் புதைத்திருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது செம்பு முழுவதும் பச்சையாகப் பூத்திருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இடையில் நம் நிலம். உப்புக் காற்றும் உப்பு ஈரமும் மூட்டுகளைத் தின்றுவிடும் ஊர் இது. எர்த் கூரின் கிளிப்பும் துருவேறி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

மதிய ளுஹர் தொழுகைக்குப் போய் வந்து, பின்னேரத்தில் மற்ற வேலைகளைச் செய்தார். படலைக்கு மண்ணுக்குள் போடக்கூடிய கேபிளை, இடையில் ஒட்டு எதுவும் இல்லாமல் போட்டார். எர்த்துக்குப் புதிய கூர் ஒன்றை, மேல்மணலைத் தாண்டி ஈரம் காயாத ஆழம் வரை இறக்கினார். காய்ந்த மணலில் நிற்கும் கூர் பெயருக்குத்தான் எர்த் என்றார். அவணுக்கு மின்பெட்டியிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 20 அம்பியர் எம்.சி.பி.யும். கடையில் அந்த வயரை 7/0.67 என்று கேட்க வேண்டும். அவணும் கேத்தலும் ஒரே மல்டி பிளக்கில் இருந்ததைக் கண்டு முகம் சுளித்தார். அவண் மட்டும் 9 அம்பியர் அளவில் இழுக்கும், கேத்தலும் சேர்ந்தால் அந்த மல்டி பிளக் உருகத்தான் செய்யும். வட்டக்கால் பிளக்கை வெட்டிவிட்டு, உள்ளே பியூஸ் உள்ள 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கைப் பொருத்தினார். கடைசியாக என்னை அழைத்து டிரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்தச் சொன்னார். வீடு முழுவதும் நின்றது.

கூலி பேசும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் ஊரில் வயரிங்குக்குப் பொயின்ட் கணக்கில்தான் காசு. ஒரு மின்குமிழ் ஒரு பொயின்ட், ஒரு பிளக் ஒரு பொயின்ட். காலை முழுவதும் அளந்து அளந்து பழுதைக் கண்டுபிடித்தவருக்கு அந்தக் கணக்கில் ஒரு சதமும் இல்லை. தேடுகிற நேரத்துக்கு நாம் காசு கொடுக்காதவரை, தேடாமலே விழுவதை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் நமக்கு அதிகமாகக் கிடைப்பார்கள். முதலில் வந்தவர் செய்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்யத் தூண்டும் கூலி முறையை வைத்திருப்பவர்கள் வீட்டுக்காரர்களாகிய நாம்தான். நானா படலை வேலைக்கும் அவண் வேலைக்கும் மட்டும்தான் கணக்குச் சொன்னார். தேடியதற்கு அரைநாள் கூலியைச் சேர்த்துக் கொடுத்தபோது அவர் தயங்கினார். அம்மாதான் வற்புறுத்திக் கையில் வைத்தார்.

போகும்போது, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று ஒரு தாளில் தமிழில் எழுதி மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டார். முன்பகுதியின் சிவப்பு, கறுப்பு வயர்களிலும் காப்பு நலிந்து வருகிறதாம். இப்போதைக்கு ஆபத்து இல்லை, ஆனால் அடுத்த மாரிக்கு விட வேண்டாம் என்றார். தைப்பொங்கல் முடிந்து மழை விட்ட பிறகு அதை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாட்கூலிக்கு வாருங்கள், பொயின்ட் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.