மேசையில் மிஞ்சிய கம்பி

இதற்கு முன் நான் கட்டிய ரிமோட் மாதிரி விமானம் மூன்றாவது தடவை பறக்கவிட்டபோது விழுந்தது. உயரத்திலிருந்து வேகமாகக் கீழே கொண்டுவந்தேன், இறக்கையில் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். வலது பக்க ஐலரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை, கழன்று தனியே சுழன்று இறங்கியது. மற்றதெல்லாம் அதற்கு முன்பே தரைக்கு வந்துவிட்டது.

உடைசலைப் பொறுக்கும்போதுதான் அதை இறக்கையோடு பிடித்திருந்த கீல்களைக் கவனித்தேன். பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தன. ஒழுங்காக ஒட்டிய கீலைப் பிடுங்கினால் கூடவே பால்சா என்ற லேசான மரத்தின் நாரும் பிய்ந்து வரவேண்டும். இதில் ஒரு நார்கூட இல்லை. தண்ணீர் போன்ற சிஏ பசை (நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட்) விட வேண்டிய இடத்தில், 'கெட்டியாக இருந்தால் கெட்டியாகப் பிடிக்கும்' என்று நினைத்துக் கெட்டியான சிஏவை விட்டிருக்கிறேன். அது கீல் செருகும் பிளவின் வாயிலேயே உறைந்துவிட்டது. உள்ளே கீல் சும்மா செருகி நின்றிருக்கிறது.

அதனால் இந்த முறை கீல் வேலைக்கு மட்டும் இரண்டு மாலைகள் ஒதுக்கினேன். மரத்தின் மேல் போர்த்தும் பிளாஸ்டிக் ஃபிலிமைச் சூடான அயர்னால் ஒட்டும் வேலை முன்பே முடிந்திருந்தது. கீல் போட்ட பிறகு அந்த இடுக்கில் அயர்ன் நுழையாது.

இந்தக் கீலில் ஆணி, குழாய் எதுவும் கிடையாது. துணி மாதிரி ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். மெல்லிய சிஏவைச் சொட்டினால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் உள்ளே இழுத்து மரத்துக்கும் ஊட்டிவிடும். அதற்கு வழி வேண்டும் என்று ஒவ்வொரு பிளவின் நடுவிலும் 2 மி.மீ. துளை போட்டேன். பிளவின் வாயில் ஃபிலிமையும் கொஞ்சம் விலக்கினேன்.

பிளவு போடுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். பால்சாவில் கத்தி நாம் காட்டும் பக்கம் போகாது, நார் ஓடும் பக்கம் ஓடும். ஒரே அழுத்தாக அழுத்தாமல் லேசாகப் பத்துப் பதினைந்து தடவை குத்திக் குத்தித்தான் உள்ளே போகவேண்டும். அப்படியும் எலிவேட்டரில் (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) ஒன்று சாய்ந்துவிட்டது. பொருத்திப் பார்த்தால் ஒரு மி.மீ. மேலே ஏறி நிற்கிறது. ஒரு பால்சா சில்லை வைத்து அடைத்து, பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டேன்.

ஐலரானின் முன்விளிம்பை 'வி' வடிவத்தில் சீவியிருந்ததால் இறக்கையோடு நன்றாக நெருங்கி உட்கார்ந்தது. இடைவெளி ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவு. அகலமாக விட்டால் கீழேயிருக்கும் காற்று அதன் வழியே மேலே கசிந்து, ஐலரானின் பிடி குறையும். ஐலரான் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வதற்கும் அது இடம் கொடுக்கும். அந்தப் 'பர்ர்ர்' இன்னும் காதில் இருக்கிறது.

கீல் முழுவதும் ஒரே பக்கம் நழுவாமலிருக்க நடுவில் ஒரு குண்டூசி. சேர்த்தபின் ஊசியை உருவிவிட்டு, ஐலரானை முழுக்க மடக்கி, மேலே நான்கு சொட்டு, திருப்பிக் கீழே நான்கு சொட்டு. சீக்கிரம் உறைய வைக்கும் ஸ்ப்ரே பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. அதை அடித்தால் பசை உள்ளே போகுமுன் மேலேயே இறுகிவிடும். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு கீலையும் பிடித்து இழுத்தேன். இறக்கை வளைந்தது, கீல் அசையவில்லை. சந்தோஷத்தில் இன்னொரு சுற்று இழுத்துப் பார்த்தேன்.

அப்புறம் வால். மூக்கின் நடுவில் ஒரு ஊசி குத்தி, நூல் கட்டி, வாலின் படுக்கைச் சிறகான ஸ்டெபிலைசரின் இரு முனைகளுக்கும் பிடித்து அளந்தேன். 4 மி.மீ. வித்தியாசம். நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தேன். ஒட்டுமிடத்தில் ஃபிலிமை சால்டரிங் அயர்ன் நுனியால் உருக்கி எடுத்தேன். கத்தி என்றால் அடியிலிருக்கும் மரத்திலும் கீறல் விழும், பிறகு அந்தக் கீறலில்தான் ஒடியும். முப்பது நிமிட எபாக்சிப் பசை பூசி, நூலை மறுபடி பிடித்துப் பார்த்துவிட்டு, மிகவும் திருப்தியாகத் தூங்கப் போனேன்.

காலையில் மகள் கேட்டாள்: "அப்பா, இந்தக் கம்பி எதுக்கு?"

'ப' வடிவில் வளைத்த எஃகுக் கம்பி. எலிவேட்டரின் இரண்டு பாதிகளையும் இணைத்து ஒன்றாக அசையவைப்பது. ஸ்டெபிலைசரை ஒட்டுவதற்கு முன்பே உடலுக்குள் குறுக்கே செருகி வைத்திருக்க வேண்டும். இப்போது கால்களை வளைத்து நுழைக்க உள்ளே இடமில்லை. எபாக்சி கல்லாகியிருந்தது. நூல் பிடித்து அளந்தவனுக்குக் கண்ணெதிரே கிடந்த கம்பி தெரியவில்லை!

ஒரு காபி குடித்துவிட்டு யோசித்தேன். வாலின் கடைசித் துண்டை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்து, கம்பியைப் பின்னாலிருந்து நுழைத்து, அதே துண்டைத் திரும்ப ஒட்டி, இரு பக்கமும் மெல்லிய பிளைவுட் வைத்துப் பலப்படுத்தினேன். அதற்கப்புறம்தான் எலிவேட்டர் கீல்களுக்குப் பசை. நீல ஃபிலிம் தீர்ந்துபோனதால் அந்த இடத்தில் மட்டும் சிவப்பு.

"பிரேக் லைட்டாப்பா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிளைவுட்டால் வால் கொஞ்சம் கனத்துவிட்டது. பாட்டரியை ஒரு விரற்கடை முன்னே தள்ளினால் சமநிலை சரியான இடத்துக்கு வருகிறது. ஞாயிறு காலை காற்று இல்லாவிட்டால் பறக்கவிடுவேன்.