புகை அடிக்கலாமா, தொட்டியைத் தேய்க்கலாமா: கடலோர வட்டாரத்தில் சான்று பார்த்து முடிவெடுக்கப் பழக்குவது

சுகாதாரப் பணியாளர்களுக்குச் சான்று பற்றிப் பயிற்சி என்றாலே காலை பத்து மணிக்குச் சராசரி, இடைநிலை, பி-மதிப்பு என்று ஸ்லைடு ஓடத் தொடங்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் மொபைலில் இருப்பார்கள். குறை அவர்களிடம் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்குமான கடற்கரையில் ஒரு சுகாதார ஆய்வாளரோ கிராம சுகாதார செவிலியரோ தானே எடுக்கும் முடிவுகள் வேறு மாதிரியானவை. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் எட்டுப் பேரை இந்த வாரம் எந்தத் தெருவுக்கு அனுப்புவது? எந்த மேல்நிலைத் தொட்டியில் குளோரின் பார்ப்பது? ரத்த அழுத்த முகாமை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வைப்பது? பயிற்சியை இந்த முடிவுகளில் தொடங்க வேண்டும். கணக்கு அதற்குப் பின்னால் வரட்டும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1997-இல் தொடங்கிய சான்று சார்ந்த பொதுச் சுகாதாரப் பயிற்சி பல நாடுகளுக்கும் பரவியது. நிலைமையை அளப்பது, பிரச்சினையைத் தெளிவாக எழுதுவது, ஏற்கெனவே தெரிந்ததைத் தேடுவது, வழிகளை வரிசைப்படுத்துவது, திட்டமிடுவது, பிறகு மதிப்பிடுவது என்று அதன் போக்கு. திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கு அந்த வரிசை சரி. வட்டார அளவில் அதைத் தலைகீழாக்கினால்தான் வேலைக்கு ஆகிறது.

பயிற்சிக்கு வரும் முன் ஒவ்வொருவரும் அரைத்தாளில் மூன்று வரி எழுதி வரட்டும். அடுத்த 30 நாளில் நான் எடுக்க வேண்டிய ஒரு முடிவு; அதற்கு இருக்கும் இரண்டு வழி; எந்த எண் எவ்வளவு இருந்தால் எந்த வழி. மூன்றாவது வரியில்தான் எல்லோரும் திணறுவார்கள். ‘டெங்கு விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுதி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதில் முடிவே இல்லை. ‘வடக்குத் தெருவுக்கு வாரம் ஒருமுறை போவதா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா’ என்பது முடிவு.

20 முதல் 25 பேர், ஒரு மேசைக்கு நான்கு பேர். ஒரே செக்டாரின் ஆய்வாளரும் செவிலியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். காய்ச்சல் விவரத்தில் பாதி அவர் பதிவேட்டிலும் பாதி இவர் பதிவேட்டிலும் கிடக்கும். தேவையானவை: கடந்த ஆறு மாதப் பதிவேடுகள், ஐஹெச்ஐபி என்ற அரசின் நோய்க் கண்காணிப்பு இணையதளத்திலிருந்து எடுத்த லைன் லிஸ்ட் (ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்ற பட்டியல்), கொசுப்புழு ஆய்வுத் தாள்கள், கையால் வரைந்த ஊர் வரைபடம், கால்குலேட்டர். வெளியூர்ப் புள்ளிவிவரம் வேண்டாம். தன் ஊர்த் தெருப்பெயர் தாளில் இருந்தால் யாரும் மொபைலை எடுக்க மாட்டார்கள்.

முதல் பயிற்சி டெங்குவாக இருக்கட்டும். கற்பனையாக ஓர் ஆய்வுத் தாள்: போன வீடு 250, பூட்டியிருந்தது 50, பார்த்தது 200, புழு இருந்த வீடு 14. பார்த்த பாத்திரம் 600, புழு இருந்தது 18. வீட்டுக் குறியீடு, அதாவது பார்த்த 100 வீட்டில் புழு இருந்தவை, 7; பாத்திரக் குறியீடு, அதாவது பார்த்த 100 பாத்திரத்தில் புழு இருந்தவை, 3; பிரெட்டோ குறியீடு, அதாவது பார்த்த 100 வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரங்கள், 9. பலர் 14-ஐ 250-ஆல் வகுத்து 5.6 என்று எழுதுவார்கள். பூட்டிய வீட்டைப் பார்த்த கணக்கில் சேர்த்தால் குறியீடு தானாக இறங்கிவிடும், மேலே அனுப்பும் அறிக்கையும் அழகாக இருக்கும். கீழக்கரை மாதிரி ஊரில், குடும்பமே சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்க, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் மாடித் தொட்டியில் புழு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பூட்டிய வீடுகளுக்குத் தனிப் பட்டியல், சாவி யாரிடம் என்ற குறிப்போடு, கட்டாயம் வேண்டும்.

அடுத்து, ஆள் கணக்கு. ஒருவர் நாளைக்கு 50 வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 8 பேர் ஆறு நாளில் 2,400 வீடு முடிப்பார்கள். ஊரில் 4,000 வீடு இருந்தால் ஒரு சுற்றுக்குப் பத்து வேலை நாள், ஞாயிறோடு பதினொன்றோ பன்னிரண்டோ நாள் ஆகும். நம் வெயிலில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். அதாவது 4,000 வீட்டையும் சமமாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தலைமுறை கொசு பறந்துவிடும். 2,400 வீட்டை வாராவாரம் பார்த்து மற்றவற்றை ஊராட்சி, பள்ளி, மகளிர் குழு மூலம் கவனிப்பதா, இல்லை எல்லா வீட்டையும் அரைகுறையாகப் பார்ப்பதா என்பதுதான் உண்மையான கேள்வி. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டவுடன் அறையில் சத்தம் வரும், வரட்டும். எந்த 2,400 என்பதை ஆறு வார ஆய்வுத் தாளும் காய்ச்சல் லைன் லிஸ்ட்டும் சேர்ந்து சொல்லும்.

பாத்திர வகையையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையில் குடம்தான் அதிகம் இருக்கும். கூட்டுப்புழு அதிகம் கிடைப்பது பெரும்பாலும் சிமெண்ட் தொட்டியிலும் பிளாஸ்டிக் டிரம்மிலும். கொசுவாகப் போவது கூட்டுப்புழுதான் என்பதால் அதைத் தனியாக எண்ண வேண்டும். இந்தக் கரையில் இன்னொன்றும் இருக்கிறது. ஏடிஸ் நல்ல தண்ணீரில் மட்டுமே வளரும் என்று நெடுநாளாகப் பாடம் சொல்லி வந்தோம். இலங்கையின் கரையோர ஊர்களில், லேசான உப்புநீரிலும் அது வளர்வதை 2011-இல் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் மட்டும் கொசு வேறு சட்டம் வைத்திருக்குமா? கரையில் ஏற்றி வைத்த பழைய வள்ளம், ஓரத்தில் கட்டிய டயர், மூடி போன ஐஸ் பெட்டி, கிணற்றடித் தொட்டி ஆகியவற்றுக்கு ஆய்வுத் தாளில் கட்டம் இல்லாவிட்டால் பேனாவால் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி புகை. காய்ச்சல் வந்ததும் ஊரே கேட்பது புகை வண்டியைத்தான். வீட்டைச் சுற்றி மருந்து தெளிப்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2010-ஆம் ஆண்டு மீளாய்வு ஒன்று, கொசு தற்காலிகமாகக் குறைவதைக் கண்டது. நோய் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று அதற்குக் கிடைக்கவில்லை. ஏடிஸ் வீட்டுக்குள் துணிக்குப் பின்னும் கட்டிலுக்கு அடியிலும் உட்காரும் கொசு, தெருவில் போகும் புகை அதைத் தொடுவது அரிது. இதற்கு எதிர்ப்பக்கம் வைக்க, நிகரகுவாவிலும் மெக்சிகோவிலும் நடந்து 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு: ஊர்மக்களே தொட்டிகளைக் கவனித்த பகுதிகளில் குழந்தைகளிடம் டெங்கு தொற்று ஏறத்தாழ 30% குறைந்தது. டெங்குக் கிருமி பெருகாமல் தடுக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவை ஏற்றி விடும் கொசு பற்றி யாராவது கேட்பார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அதன் பலன் இதைவிடப் பெரிது, 77%. ஆனால் அந்த முடிவு வட்டார ஆய்வாளர் கையில் இல்லை, எனவே அதைப் பேசி நேரம் கழிக்க வேண்டாம்.

வெளியூர் ஆய்வை இங்கே பொருத்துவதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. ‘வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் காயவிடுங்கள்’ என்ற அறிவுரை, குடம் கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் வீட்டில் நடக்குமா? நடக்காது. ஆனால் முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தேய்க்காமலும் முடியாது. அப்படியானால் லாரி வரும் நாளுக்கு முந்தின நாள், தொட்டி அடிமட்டத்தில் இருக்கும்போது பணியாளர் போக வேண்டும். தெருவாரியாகத் தண்ணீர் வரும் நாளைக் கேட்டு எழுதினால் வேலைத் திட்டம் தானாக மாறிவிடும். மற்ற நாளுக்கு மூடியோ கட்டிய துணியோ. புழுக்கொல்லி மருந்தான டெமிபாஸ் 1% குருணை 100 லிட்டருக்கு 10 கிராம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம். குடிக்கும் தண்ணீரில் வாடை வருகிறதென்று மறுக்கும் வீடுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுப்பும் ஒரு தரவுதான்.

அடுத்த அமர்வு முழுக்க வகுக்கும் எண்ணைப் பற்றியது. ராமேசுவரத்தில் லாட்ஜில் தங்கிய யாத்ரீகருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது மேலே உள்ள எண்ணில் சேரும், ஊர் மக்கள்தொகையில் அவர் இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை வாரங்களில் விகிதம் எகிறுவதில் இதற்கும் பங்குண்டு. லைன் லிஸ்ட்டில் உள்ளூர், யாத்ரீகர் என்று ஒரு பத்தி போட்டால் தெளிந்துவிடும். மறுபக்கம், இங்கே தண்ணீர் குடித்து ஊருக்குப் போய்ப் படுத்தவர் நம் கணக்கில் வரவே மாட்டார். அதனால் எண்ணிக்கை குறைவு என்று குளோரின் பார்ப்பதை விட முடியாது.

மீனவர் ஊர்களில் ரத்த அழுத்தப் பரிசோதனைக்கும் இதே கோளாறு. ஒரு கற்பனைப் பட்டியல்: 30 வயதுக்கு மேல் ஆண் 400, பெண் 420. காலை பத்து மணிக்கு வீடுவீடாகப் போனதில் பார்த்தது ஆண் 90, பெண் 330. அழுத்தம் அதிகம் இருந்தவர் ஆண் 27, பெண் 66. ஆக 93 பேர், 22%. ஆண்களில் மட்டும் 30%. பார்க்காத 310 ஆண்களிலும் அதே விகிதம் என்றால் இன்னும் 93 பேர். இதுவரை கண்டுபிடித்த அளவுக்கே வெளியே இருக்கிறார்கள். (வேலை நாளில் வீட்டில் இருந்த அந்த 90 பேர் வயதானவர்களாகவோ நோயாளிகளாகவோ இருக்கலாம், எனவே 93 கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். இதை அவர்களே சொல்லும் வரை காத்திருங்கள்.) முடிவு என்ன? ராமேசுவரத்தில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும்; கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கும் இடத்தில் கேட்டு, படகு போகாத நாளில் இறங்குதளத்திலேயே முகாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இன்னும் நல்லது, அதிலும் தொடக்க வாரங்கள். பிறகு சிலர் கேரளக் கரைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களும் காலையில் வீட்டில் இருக்க மாட்டார்கள். கீழக்கரை, தொண்டியில் தொழுகை நேரமான வெள்ளி நண்பகலைத் தவிர்க்கவும்.

சிறிய எண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் போதும். 5,000 பேர் உள்ள துணை மையத்தில் ஆண்டுக்குச் சுமார் 65 பிரசவம். ஒரு சிசு இறந்தால் விகிதம் 1,000-க்கு 15, இரண்டு இறந்தால் 31. போன ஆண்டு ஒன்று, இந்த ஆண்டு இரண்டு என்றால் ‘இரண்டு மடங்கு’ என்று கூட்டத்தில் செவிலியரைத் திட்டுவது அநியாயம், கணக்காகவும் தப்பு. அந்த அளவில் விகிதம் போடாமல் ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியே அலசுவதுதான் பயன்.

குளோரினுக்கு ஒரே ஒரு குறிப்பு. குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இல்லை என்றதும் பொடியின் அளவைக் கூட்டும் முன், சாக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 25% வலுவுள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். கடல் காற்றில் வாய் திறந்து கிடந்த சாக்கில் அந்த வலு இருக்காது.

பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே. வீட்டுக் குறியீடு 7 என்று நேர்மையாக எழுதியவர் ரிவ்யூ மீட்டிங்கில் நிறுத்தி வைக்கப்பட்டால், அடுத்த மாதம் மாவட்டம் முழுக்க 0.8 ஆகிவிடும். அதனால் வட்டார மருத்துவ அலுவலர் வகுப்பில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். உயர்ந்த எண்ணுக்கு ஆள் கூடுதலாகக் கிடைக்கும், திட்டு கிடைக்காது என்று அவரே சொல்ல வேண்டும். இட்டுக்கட்டிய எண்ணைப் பிடிக்க எளிய வழி உண்டு. டிஜிட்டல் கருவியில் எடுத்த 100 ரத்த அழுத்த அளவில் கடைசி இலக்கம் 0 ஏறத்தாழ 10 முறை வர வேண்டும். 40 முறை வந்தால் யாரோ முழுதாக்கி எழுதுகிறார்கள். இதைத் தண்டனைக்குப் பயன்படுத்தாமல் ஒவ்வொருவரும் தன் பதிவேட்டில் தானே எண்ணிப் பார்க்கச் செய்யலாம்.

ஒரு நாள் வகுப்பு மட்டும் என்றால் அடுத்த மாதமே மறந்துவிடும். ஆறு மாதத்துக்கு, மாதாந்திரக் கூட்டத்தில் 30 நிமிடம் ஒதுக்கி, இரண்டு மேசைகள் தங்கள் அரைத்தாளைப் படிக்கட்டும்: என்ன முடிவு, எந்த எண், என்ன நடந்தது. கடைசியில் பரீட்சை வைக்க வேண்டாம். அரைத்தாள்களை எண்ணி, எத்தனையில் எண்ணைப் பார்த்த பிறகு வழி மாறியது என்று பாருங்கள். ஒன்றுகூட மாறவில்லை என்றால், முடிவை முன்பே எடுத்துவிட்டு எண்ணைப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். வகுப்பை ஜூலையில் வைத்தால் பதிவேட்டுக் குளறுபடிகளைச் சரிசெய்ய இரண்டு கூட்டங்கள் கிடைக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்ற தாள் தயாராக இருக்கும்.