அழிச்சுட்டுப் போயிடலாமா?

கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் சர்வர் அடையாளம் மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தபோது, நம் பதிவில் இருந்த பழைய வரியை அழித்துவிடலாமா என்று டீமில் ஒரு தம்பி கேட்டான். வேண்டாம் என்று நான் சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கேட்டவனுக்கு அன்று கிடைத்தது பாதி பதில்தான். அதுதான் உறுத்துகிறது.

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. கிட்ஹப் சர்வர் தன் அடையாளத்தைக் காட்டப் பயன்படுத்தும் ஹோஸ்ட் கீகளில் ஆர்எஸ்ஏ வகைக் கீயின் ரகசியப் பாதி ஒரு பொது ரிப்போவில் (கோட் களஞ்சியத்தில்) சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதால், நம் நேரப்படி காலை பத்தரை வாக்கில் அதை மாற்றினார்கள். கலிஃபோர்னியாவில் அப்போது முந்தைய நாள் இரவு; இங்கே எல்லோரும் கிட்ஹப்பிலிருந்து கோட் இழுக்கும் நேரம். கோடிலிருந்து மென்பொருளைக் கட்டும் பில்ட் நின்றது. லாக் பதிவின் கடைசி வரி, அனுமதி சரியாக இருக்கிறதா, ரிப்போ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். அதை மட்டும் படித்தவர்கள், நாம் யார் என்று கிட்ஹப்பிடம் காட்டும் டிப்ளாய் கீயைச் சந்தேகித்துப் புதுச் சாவி உருவாக்கக் கிளம்பினார்கள். உண்மையான சேதி அதற்கு மேலே இருந்தது: எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது, முன்பு இணைந்த சர்வர்களின் கீகளைக் குறித்துவைக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இன்ன வரியோடு பொருந்தவில்லை. சிக்கல் நம் சாவியில் இல்லவே இல்லை.

பக்கத்து மேசையில் மட்டும் எல்லாம் ஓடியது. கிட்ஹப் 2021 இறுதியிலிருந்து ஈசிடிஎஸ்ஏ, ஈடி25519 என்ற வேறு வகைக் கீகளையும் தருகிறது. அதன் பிறகு முதன்முதலாக இணைந்த மெஷின்களில் பெரும்பாலும் அவைதான் பதிவாகியிருக்கும், அவை மாறவில்லை. பழைய லேப்டாப்பிலும் பழைய டாக்கர் இமேஜிலும் (தயாராக வைத்திருக்கும் சிஸ்டம் நகல்) ஆர்எஸ்ஏ வரி மட்டும்.

"அண்ணா, அந்த வரியை அழிச்சுட்டு யெஸ் அடிச்சிட்டுப் போயிடலாமா? நம்ம டெஸ்ட் சர்வருக்கு எப்பவும் அப்படித்தானே பண்றோம்?"

"வேணாம்ப்பா. புதுக் கீயோட ஃபிங்கர்பிரின்ட்டை, அதான் அதோட சுருக்க அடையாளத்தை, பார்த்துட்டு அழி."

"பார்க்காம விட்டா என்ன ஆயிடும்ணா? நம்ம பிரைவேட் கீ போயிடாதுல்ல?"

போகாது. அவன் சொன்னது சரி. உள்ளே நுழைய நம் சாவியால் போடும் கையெழுத்து அந்த ஒரு இணைப்பின் அடையாளத்தோடு பிணைந்தது. இடையில் இருப்பவன் அதை எடுத்துப்போய் உண்மையான கிட்ஹப்பிடம் காட்ட முடியாது. ஆனால் போலி சர்வர் யார் சாவி நீட்டினாலும் "வாங்க" என்று சொல்லலாமே. அப்போது நாம் புஷ் செய்து அனுப்பும் கோட் முழுதும் அந்தப் போலிக்காரனிடம் போகும். புல் செய்து இழுத்தால் அவன் கொடுத்ததுதான் வரும். பில்ட் சர்வர் அதைக் கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடும். கேட்ட தம்பியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். "விதி அப்படி" என்ற அளவில் பேச்சு முடிந்தது. ரிலீஸ் காத்திருந்தது என்பது காரணம்தான். போதுமான காரணமா என்று தெரியவில்லை.

செய்தது இவ்வளவுதான். கிட்ஹப்பின் ஆவணப் பக்கத்தை பிரவுசரில் திறந்து ஃபிங்கர்பிரின்ட்டை எடுப்பது. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறையின் கருவியான எஸ்எஸ்எச்-கீஜென்னைப் பெரிய ஆர் ஆப்ஷனோடு ஓட்டிப் பழைய வரியை நீக்குவது. மறுபடி இணைந்து, கேள்வி வரும்போது யெஸ் என்பதற்குப் பதில் அந்த ஃபிங்கர்பிரின்ட்டையே ஒட்டுவது. எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சில் 8.0 முதல் இது முடியும். பொருந்தாவிட்டால் உள்ளே விடாது. முதல் நாலு எழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தலையாட்டுவதை விட இது எவ்வளவோ மேல். பில்ட் சர்வருக்கு, கிட்ஹப் தன்னைப் பற்றிய தகவல்களை நிரல்களுக்குத் தரும் மெட்டா ஏபிஐ எச்டிடிபிஎஸ் வழியே தரும் மூன்று கீகளையும் நோன் ஹோஸ்ட்ஸில் எழுதினோம். சர்வரிடமே கீயைக் கேட்டு வாங்கும் எஸ்எஸ்எச்-கீஸ்கேன் போதாது. அது சந்தேகத்துக்குரிய அதே கம்பியிடமே "நீ யார்" என்று கேட்கிறது.

சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லும் ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங் அமைப்பை 'நோ' என்று வைத்துவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அன்றைக்கு மட்டும் என்று போடும் அந்த வரியை அப்புறம் யாரும் எடுப்பதில்லை. ஓபன்எஸ்எஸ்எச் 7.6 முதல் அதே அமைப்புக்கு 'அக்செப்ட்-நியூ' இருக்கிறது: புதிய சர்வரை ஏற்கும், மாறிய கீயை ஏற்காது. ஆட்டோமேஷனுக்கு அதுவாவது வேண்டும்.

இருந்தும் நாங்கள் நிரூபித்தது என்ன? அதே நிறுவனத்தின் இன்னொரு பக்கத்தை நம்பினோம், அவ்வளவுதான். வேறு பாதை, வேறு சான்றிதழ் என்பதால் அதற்கு மதிப்பு உண்டு என்றே வாதிடுவேன். ஆனால் டெஸ்ட் சர்வருக்கு எப்பவும் அப்படித்தானே என்ற தம்பியின் முதல் கேள்விக்கு அது பதிலாகாது. டெஸ்ட் சர்வரை ஒவ்வொரு முறை புதிதாக எழுப்பும்போதும் புது ஹோஸ்ட் கீ, அதே எச்சரிக்கை, அதே அழிப்பு. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் இருக்க அவனைப் பழக்கியது எங்கள் சர்வர்தான்.

இதற்கு வழி இருக்கிறது. சர்வரைத் திரும்ப எழுப்பும்போது ஈடிசி அடைவுக்குள் உள்ள எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ கோப்புகளைப் பத்திரப்படுத்தி, உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் விடும் 600 அனுமதியோடு அதே இடத்தில் வைத்துவிட்டால் எச்சரிக்கை வராது. ஆனால் பத்திரப்படுத்துவது என்றால் ரகசியச் சாவியின் நகல் ஒன்று எங்கோ இருக்க வேண்டும். சர்வரை எழுப்பும் ஸ்கிரிப்டோடு ரிப்போவிலேயே வைத்துவிடலாம் என்று டீமில் பாதிப் பேர் சொல்கிறார்கள். கிட்ஹப்பின் சாவி வெளியே தெரிந்ததும் ஒரு ரிப்போவில்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டெஸ்ட் சர்வர் இன்னும் புதுக் கீயோடுதான் எழுகிறது.