பாதிக் கோப்பை

2 ஜூன் 2024, ஞாயிறு. 58-ஆம் நாள்

மது ஊறும் ஜாடியில் சத்தம் நின்றுவிட்டது. ஏப்ரல் கடைசியில் அதன் வாயில் காதை வைத்தால் கீற்றுக் கூரையில் தூறல் விழுவதுபோல் இருக்கும். போன வாரம்கூட ஒன்றிரண்டு குமிழ் வெடித்தது. இன்று கால் மணி நேரம் குனிந்து நின்றேன். ஒன்றுமில்லை.

சத்தம் அடங்கியதும் சொல்லச் சொல்லியிருந்தார் அபொனிம், என் கொரிய மாமனார். வார்டுக்கு இந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது. "அடங்கிவிட்டது" என்று செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், கட்டிலில் படுத்திருப்பவருக்கு அனுப்பும் சொல்லா அது என்று உறைத்தது. அதற்குள் பதில் வந்துவிட்டது. "நல்லது. யோங்சு போடு."

3 ஜூன்

அறுவை சிகிச்சை 20-ஆம் தேதி. வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை எடுப்பார்களாம்.

6 ஜூன், வியாழன். 62

விடுமுறை. விடியற்காலையிலேயே அவர்கள் ஊர் மியோன்சோன் வந்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. ஒமொனிம், அதாவது மாமியார், சியோல் ஆஸ்பத்திரியில் அபொனிமுக்குப் பக்கத்தில்.

யோங்சு என்பது மூங்கிலில் பின்னிய நீளக் கூடை. ஊறலின் நடுவில் அதை அமுக்கினால் சோற்றுப் பருக்கையும் பூவிதழும் வெளியே நின்றுவிடும், தெளிவு மட்டும் உள்ளே ஊறும். மணற்கேணி மாதிரிதான். அழுத்தம் கூடினால் கலங்கிவிடும். "கை உன்னுடையது என்று நினைக்காதே, கூடை தானாக இறங்குகிறது என்று நினை" என்று ஏப்ரலில் சொல்லிக் கொடுத்திருந்தார். சாயங்காலம் அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றினேன். நாலு லிட்டர் இருக்கும். வெளிறிய தேன் நிறம். கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பி கிம்ச்சி ஃபிரிட்ஜில் வைத்தேன். இனி நூறாவது நாள்வரை அது பாட்டுக்கு இருக்க வேண்டும்.

நாக்கில் ஒரு சொட்டு வைக்கவில்லை. பெரியவர் கோப்பையைத் தூக்கும் முன் சின்னவர் தூக்குவதில்லை.

7 ஜூன்

தூக்கம் வரவில்லை. திரும்பத் திரும்ப 2019.

முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்த இரவு. அவர் கோப்பையில் பாதி இருந்தது. நம் வீட்டு விருந்தில் ஒருவர் இலையில் குழம்பு குறைந்தால் கேட்காமலே ஊற்றுவோம் இல்லையா, அந்தக் கை. ஊற்றி நிரப்பிவிட்டேன். பேச்சு சட்டென்று நின்றது. அபொனிம் கோப்பையை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்து, காலிக் கோப்பையை என் பக்கம் நீட்டினார். "இப்போது ஊற்று." வலது கையில் குப்பி. என் இடது கையை அவரே பிடித்து வலது முழங்கைக்கு அடியில் வைத்தார். பழைய உடையில் கைப்பகுதி அகலமாகத் தொங்கும், சாப்பாட்டில் படாமல் அதைப் பிடித்துக்கொள்வதில் வந்த பழக்கம் என்றார். நான் குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளவும் அன்றைக்குத்தான் கற்றேன். மது என்றால் பெரியவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இங்கே சொல்வார்கள். எனக்கு 31 வயதில் ஒரு பெரியவர் கிடைத்தார்.

காலியாகாத கோப்பையில் ஊற்றக்கூடாது என்பது அப்புறம் எத்தனையோ பேர் சொல்லித் தெரியும். ஆனால் அன்றைக்கு அவ்வளவு அமைதி ஏன்? மரியாதைப் பிசகுக்கு ஒமொனிம் முகம் அப்படி வெளிறுமா?

10 ஜூன், தானோ

சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாள். இந்த நாளுக்கென்று ஊறவைக்கும் மதுவில் சாங்போ போடுவார்கள், பெண்கள் அதையே கொதிக்கவைத்துத் தலை அலசுவார்கள். சாங்போ என்பது வேறொன்றுமில்லை, வசம்பு. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே வசம்பு. போனில் அம்மாவிடம் சொன்னேன். "மதுவிலா?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

13 ஜூன்

ஒமொனிம் குரல் இன்று சரியில்லை.

15 ஜூன், சனி. இரவு 1:20

பாட்டியின் ஜெசா, நம்மூர்த் திதி மாதிரி. அபொனிமின் அம்மா. அவர் வர முடியாததால் தம்பி, அதாவது சின்ன மாமனார் முன்னால் நின்று செய்தார். ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. அபொனிம் கட்டிலில் இருந்தபடி சொன்னாராம்: "அவன் ஊற்றட்டும். அவனுக்குக் கை வந்திருக்கிறது."

போன வருடத்து தூக்யோன்ஜுவில், இதே பூ மதுவில், ஒரு குடுவை மீதி இருந்தது. வாசல் கதவைத் திறந்து வைத்தோம். ஊதுபத்தி. முதலில் மணலில் புல்கட்டு நட்ட கிண்ணத்தில் மூன்று தடவையாக மதுவைச் சரித்து ஆவியை அழைத்தார். அப்புறம் முதல் கோப்பை, வணக்கம். இரண்டாவது, வணக்கம். மூன்றாவதைப் பத்தில் ஏழு பங்கோடு நிறுத்தச் சொன்னார். ஏன் என்று கேட்கும் நேரம் இல்லை. சோற்றில் கரண்டியைக் குத்தும் நேரத்தில் அந்த மூன்றாவது கோப்பையிலேயே கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றி நிரப்பச் சொன்னார். சொம்ஜாக்.

எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறோம், உள்ளே பாட்டி சாப்பிடும் நேரம். அப்போதுதான் சின்ன மாமனார் மெதுவாகச் சொன்னார். இருக்கிற கோப்பையில் மேலே ஊற்றுவது போனவர்களுக்கு. அதனால்தான் உயிரோடு இருப்பவர்களுக்கு அப்படிச் செய்வதில்லை.

மூன்று முறை செருமிவிட்டுக் கதவைத் திறந்தார். நான் உள்ளே போகவில்லை, கால் நகரவில்லை.

பிறகு உம்போக். படைத்த மதுவை நாம் பகிர்ந்து குடிப்பது. சின்ன மாமனார் தன் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் ஊறல் போடுவதே குற்றம். 1965-க்குப் பிறகு கடையில் விற்கும் மக்கொல்லி மதுவில்கூட அரிசி கிடையாது, 1977-ல்தான் மறுபடி விட்டார்கள். அந்த வருடங்களிலும் பாட்டி ஜெசாவுக்கென்று ஒரு சின்ன ஜாடி போட்டாராம். விறகுக்கு வைத்த பைன் கிளைக் குவியலுக்கு உள்ளே. வரி அதிகாரிகள் ஊருக்குள் வருகிறார்கள் என்றால் வரப்பில் ஓடிவந்து சொல்வது அபொனிமின் வேலை. பத்து வயது. 1995-ல் வீட்டுத் தேவைக்கு ஊறல் போடலாம் என்று சட்டம் மாறியபோது பாட்டி இல்லை. அந்த வருடமே அபொனிம் இந்த ஜாடியை வாங்கினார்.

நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஓடியது வேறு. ஐந்து வருடம் முன்னால் உயிரோடு உட்கார்ந்திருந்த மனிதரின் கோப்பையில் நான் சொம்ஜாக் செய்திருக்கிறேன்.

16 ஜூன்

மனைவியிடம் சொன்னேன். "பைத்தியம்" என்றாள். சரி. ஆனால் அவளும் இரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

18 ஜூன், செவ்வாய். 74

வேலை முடிந்து ஆன்சேம் ஊற்றுக்குப் போனேன். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கொர்யோ அரசை நிறுவ வாங் கோனுக்குத் துணை நின்ற தளபதி போக் ஜிக்யொம் இங்கே தீராத நோயில் கிடந்தார். மகள் யோங்னாங் அமிசான் மலையில் நூறு நாள் வேண்டினாள். ஜிந்தல்லே என்ற மலைப்பூவும் அரிசியும் ஆன்சேம் தண்ணீரும் சேர்த்து ஊறல் போடு, நூறு நாள் கழித்துக் கொடு, இரண்டு கிங்கோ மரம் நடு என்று வாக்கு வந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். மரங்கள் பழைய பள்ளிக்கூட வளாகத்தில் இன்னும் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன்.

இந்த மதுவை நாட்டின் மரபுச் சொத்தாக 1986-ல் அறிவித்திருக்கிறார்கள். 2018 ஏப்ரலில் இரண்டு கொரியாக்களின் தலைவர்களும் உட்கார்ந்த விருந்தில் இதை வைத்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் பெருமைதான். ஆனால் ஊற்றுப் பக்கம் நின்ற ஒரு பாட்டி என்னிடம் கேட்டது, "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?"

19 ஜூன்

ஏப்ரல் 6 ஞாபகம். பின்மலையில் அவர் முன்னால், நான் கூடையோடு பின்னால். ஜிந்தல்லேயையும் சோல்ச்சுக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், இரண்டாவது விஷம். இலைக்கு முன்னால் பூத்திருந்தால் ஜிந்தல்லே. சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு பூவிலும் மகரந்தத் தாளைக் கிள்ளி எடுத்தோம், அதுவும் ஆகாது. ஒட்டும் அரிசியைக் கழுவிக் கழுவி, கழுவிய தண்ணீர் தெளிந்த பிறகும் இன்னொரு தடவை கழுவினார். நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குளிர் என்றார். நானும் நம்பினேன்.

20 ஜூன்

7:50-க்கு உள்ளே. 12:35-க்கு வெளியே.

22 ஜூன்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். உதடு அசைந்தது. என்னைத்தான் கூப்பிட்டார் என்று ஒமொனிம் சொன்னார்.

மருமகனைக் குடும்பப்பெயரோடு சொபாங் சேர்த்துக் கூப்பிடுவார்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் இருப்பது அப்பா பெயர். அதனால் இந்த வீட்டில் ஐந்து வருடமாக, தட்டு எடு, கதவைச் சாத்து, உட்கார் என்று எதற்குக் கூப்பிட்டாலும் அப்பா பெயர்தான் ஒலிக்கிறது. அம்மா அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

23 ஜூன்

தனக்குத் தானே ஊற்றிக்கொள்வதை இங்கே ஜாஜாக் என்பார்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது யாரையும் அப்படி விட மாட்டார்கள். ஒருவர் கை குப்பியை நோக்கிப் போனால் எதிரில் இருப்பவர் பதறி வாங்கிக்கொள்வார்.

அப்பா மொட்டைமாடியில், விளக்கை அணைத்துவிட்டு. கீழே அம்மா கதவைச் சாத்தும் சத்தம். மாடிப்படியில் நான். வாசனை மட்டும் தெரியும். கடைசிவரை ஜாஜாக்தான்.

29 ஜூன்

ஜாங்மா மழை தொடங்கிவிட்டது. ஃபிரிட்ஜ் வெப்பநிலையை இரண்டு தடவை பார்த்தேன்.

3 ஜூலை. 89

வீட்டுக்கு வந்துவிட்டார். காரிலிருந்து இறங்கி நேராகப் பின்கட்டுக்குப் போய்க் காலி ஜாடியின் தோளைத் தொட்டுப் பார்த்தார். கழுவியிருந்தேன். வைக்கோல் கொளுத்திப் புகை காட்டினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த வருடத்துக்குக் காட்ட வேண்டும் என்றார். அடுத்த வருடம் என்றார்.

7 ஜூலை

பெரிய சண்டை. ஒரு சொட்டு ஆகாது என்று டாக்டர் சொன்னது உனக்கு எந்த மொழியில் புரியும் என்று கேட்டாள். நான் கொடுக்கப் போகிறேன் என்று எப்போது சொன்னேன்? பிறகு எதற்கு நாள் எண்ணுகிறாய் என்றாள். பதில் இல்லை. "அந்தக் கதையில் மகள்தான் வருகிறாள். மகள் நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மழை நிற்கவே இல்லை.

9 ஜூலை

மன்னிப்புக் கேட்டேன். கேட்டாள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் யி தோக்-மு என்ற அறிஞர் எழுதி வைத்ததை ஒமொனிம் சொன்னார். பிறரைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதே. பெரியவர் கொடுத்து, எவ்வளவு சொல்லியும் மறுக்க முடியாவிட்டால் உதட்டை மட்டும் நனைத்துக்கொள். எனக்குச் சொன்னாரா, அபொனிம் காதில் விழட்டும் என்று சொன்னாரா, தெரியவில்லை.

14 ஜூலை, ஞாயிறு. 100

காலையில் அவரே எழுந்து சட்டை மாற்றி வந்து உட்கார்ந்தார். பதினொரு கிலோ குறைந்த உடம்பு. அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். சின்னக் கோப்பைகள். அவளே வைத்தாள்.

குடுவையைத் திறந்ததும் பூ மணம் வரவில்லை. முதலில் பழுத்த பேரிக்காய் மாதிரி ஒன்று, அப்புறம் நெடுநேரம் கழித்து மலைப்பூ. வலது கையில் குடுவை, இடது கை முழங்கைக்கு அடியில். கை நடுங்கியது. அவர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் அப்படி வாங்கத் தேவையில்லை. என் நடுக்கத்துக்காகப் பிடித்தார்.

உதட்டை நனைத்தார். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "என் அம்மாவுடையது இதைவிடக் காரம்" என்றார்.

பிறகு எனக்கு ஊற்றினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் குடித்தேன். இனிப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. திரும்பிப் பார்த்தபோது அவர் கோப்பை மேசையில் இருந்தது, விளிம்புக்கு ஒரு கோடு கீழே. அவர் என்னையும் கோப்பையையும் பார்த்துக்கொண்டிருந்தார். 2019 அவருக்கும் ஞாபகம் இருக்கிறது. கேட்டேவிட்டேன். அன்றைக்கு நான் செய்தது தப்பா என்று.

"அதனால்தான் முழுக்கக் குடித்தேன்" என்றார். "உன் கோப்பையை நீட்டு."

குடுவையை மூடி என் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், யார் கையும் அந்தக் கோப்பைக்குப் போகாமல்.

17 ஜூலை

நாளை பயாப்சி முடிவு. கோப்பை இன்னும் மேசையில்தான். ஒமொனிம் அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். 6:30 பேருந்து.