முள்ளிவாய்க்காலுக்குப் பக்கத்தில் இனவழிப்பைக் கற்பிப்பது

தரம் 11 வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு உலகப் போர்களும் வருகின்றன. ஹிட்லர் பெயர் வந்ததும் ஏதாவது ஒரு பிள்ளை கையைத் தூக்கும்: "டீச்சர், எங்களுக்கு நடந்ததும் அதுதானே?" கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு உதவுவது என் வேலை. அவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவருவது இந்தக் கேள்வியைத்தான்.

வகுப்பில் இருக்கும் பிள்ளைகள், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். முன்னால் நிற்கும் இளம் ஆசிரியைக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது. மாத்தளனிலோ பொக்கணையிலோ பங்கருக்குள் கிடந்துவிட்டு, மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே மறுபடி புத்தகம் திறந்தவர். வெளிநாட்டுக் கைநூல்கள், ஆசிரியர் இதையெல்லாம் வாசித்து அறிந்தவர் என்று எண்ணி எழுதப்பட்டவை. எங்கள் ஆட்களுக்கு அவை அரைவாசிதான் உதவும்.

அதனால் நாங்கள் சட்டத்தில் இருந்து தொடங்குகிறோம். இனவழிப்பைத் தடுக்கவும் தண்டிக்கவும் 1948 டிசம்பர் 9இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சமவாயம், அதாவது நாடுகள் சேரும் ஒப்பந்தம், அது. இலங்கை 1950இலேயே அதில் சேர்ந்துவிட்டது என்பது பலருக்குப் புதிய செய்தி. ஒரு தேசிய, இன, மரபின அல்லது மதக் குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் ஐந்து செயல்களை அது சொல்கிறது: கொல்லுதல், உடலுக்கோ மனதுக்கோ கடும் தீங்கு செய்தல், அழிந்துபோகும்படியான வாழ்நிலையைத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், பிள்ளைகளைப் பறித்து வேறு குழுவிடம் கொடுத்தல். இலட்சக்கணக்கில் செத்தால்தான் இனவழிப்பு என்று நினைக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். 1995இல் பொஸ்னியாவின் சிரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட ஆண்களும் பையன்களும் ஏறக்குறைய எட்டாயிரம் பேர். சர்வதேசத் தீர்ப்பாயம் அதை இனவழிப்பு என்றே தீர்த்தது.

பிறகு ருவாண்டா. 1930களில் பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டையில் ஹூட்டு, துட்சி என்று பதிந்தது. 1994இல் வீதித் தடைகளில் அந்த அட்டையைப் பார்த்துக் கொன்றார்கள். ஏறக்குறைய நூறு நாளில் எட்டு இலட்சம் பேர். அதற்கு முன்பே வானொலி துட்சிகளைக் கரப்பான் பூச்சி என்று சொல்லிப் பழக்கியிருந்தது. அட்டை, சோதனைச்சாவடி, இதெல்லாம் எங்கள் வீடுகளுக்கு விளக்கம் தேவைப்படாத விஷயங்கள். ஆனாலும் தூரத்து நாட்டைப் பற்றிக் கதைக்கும்போது பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

அதற்குப் பிறகுதான் எங்கள் கதை. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையில் ஒரு பத்தி உண்டு. 2009 ஏப்ரல் 8, அம்பலவன்பொக்கணை. பால்மாவுக்கு வரிசையில் நின்ற பெண்கள் மீதும் பிள்ளைகள் மீதும் செல் (எறிகணை) விழுந்தது. இறந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா எடுப்பதற்கான அட்டை அப்படியே இருந்தது. ஒரு செயலமர்வில் இதைத் தமிழில் வாசித்தபோது ஆசிரியை ஒருவர், "தம்பிக்குப் பால்மா எடுக்க அம்மா நின்ற வரிசை அது, சேர்" என்றார். அம்மா திரும்பி வந்தாராம். பக்கத்து பங்கரில் இருந்தவர் வரவில்லை. அன்றைக்கு மேற்கொண்டு எதையும் வாசிக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அடுத்த முறை அவரே அந்தப் பத்திக்குக் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்தார். போர்ப் பகுதிக்குள் எத்தனை பேர் இருப்பதாக அரசு சொன்னது? உண்மையில் எத்தனை பேர்? ஆட்கணக்கைக் குறைத்தால் வேறு எதெல்லாம் குறையும்? மூன்று இலட்சத்து முப்பதாயிரம் பேர் வரை சிக்கியிருந்தார்கள், குறைத்துச் சொன்ன கணக்கின்படியே சாப்பாடும் மருந்தும் போயின என்பதை அதே அறிக்கையில் பிள்ளைகளே தேடி எடுக்கலாம். சமவாயம் சொல்லும் மூன்றாவது செயலை விளக்க இதைவிட நல்ல பாடக்குறிப்பை நான் பார்த்ததில்லை.

புலிகள் சனத்தை மறித்ததையும், தப்பிப் போனவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைப் பிடித்துச் சேர்த்ததையும் அந்த அறிக்கை சொல்கிறது. இதை வகுப்பில் சொல்லத்தான் வேண்டுமா என்று சிலர் தயங்குவார்கள். சொல்லத்தான் வேண்டும். பிடித்துக்கொண்டு போகப்பட்ட சித்தியின் படம் வீட்டில் தொங்கும் பிள்ளையிடம் அதை மறைத்தால், மற்றதையும் அது நம்பாது. ஒருவர் குற்றம் இன்னொருவர் குற்றத்தைக் கழுவாது என்பது பதினாறு வயதுக்கு நன்றாக விளங்கும்.

முள்ளிவாய்க்காலில் நடந்ததை நான் இனவழிப்பு என்றே கருதுகிறேன். வடக்கு மாகாண சபையும் 2015 பெப்ரவரியில் அப்படித் தீர்மானம் நிறைவேற்றியது. அரசு மறுக்கிறது. சர்வதேச நீதிமன்றம் எதுவும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. இவை எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனால் முடிவைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிங்கள நண்பன் "எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டால் இந்தப் பிள்ளை ஆதாரத்தோடு கதைக்க வேண்டும்.

சில விஷயங்களில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சடலங்களின் படம் வேண்டாம். பங்கருக்குள் இருப்பதுபோல நடிக்க விட வேண்டாம். கடைசிப் பாடவேளையில் தொடங்க வேண்டாம், பிள்ளைகள் அந்தக் கனத்தோடு நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. நினைவு நாள் வரும் மே மாதத்தில் வீடுகளே ஒரு மாதிரி இருக்கும், அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

பயமும் உண்டு. ஆசிரியர்கள் அரச ஊழியர்கள். 2024 மே மாதம் சம்பூரில், இறந்தவர்கள் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த பெண்களைக் கைது செய்ததை எல்லோரும் பார்த்தோம். கனடாவின் ஒன்ராறியோவில் 2021இல் இருந்து, மே 18 வரையான கிழமை சட்டப்படி தமிழ் இனவழிப்பு அறிவூட்டல் வாரம். அங்கே படிக்கும் மச்சாளுக்கு உள்ள அந்த இடம் புதுக்குடியிருப்புப் பிள்ளைக்கு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சரி, இப்போதைக்கு உலகப் போர், ஐ.நா. என்று பாடத்திட்டத்துக்குள் இருக்கும் இடத்தைக்கொண்டு செய்கிறோம்.

எல்லோரும் இதைப் படிப்பிக்க வேண்டும் என்று நான் கேட்பதில்லை. விசுவமடுப் பக்கம் ஓர் ஆசிரியை, இந்தப் பாடம் மட்டும் தன்னால் முடியாது என்றார். அங்கே குடியியல் ஆசிரியர் அதை எடுக்கிறார், பதிலுக்கு அவருடைய வகுப்பு ஒன்றை இவர் எடுக்கிறார். அதிபரும் நேரசூசியை மாற்றிக் கொடுத்தார். இப்படி மாறி மாறி எடுக்க இணங்கும் ஆசிரியர்களை மற்றப் பாடசாலைகளிலும் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.